அந்த எண் யாருடையது? ஆய்வுக் கட்டுரைக்குச் சான்று தேடும் நீலகிரி மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போன ஜூலையில் கோத்தகிரியிலிருந்து ஒரு மாணவி தன் புராஜெக்ட்டின் முதல் அத்தியாயத்தைக் கொண்டுவந்தார். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்கள் நீலகிரியில் குடியேறியதுதான் தலைப்பு. அவருடைய பாட்டியே அப்படி வந்தவர். இரண்டாம் பக்கத்தில் ‘5,25,000 பேர் இந்தியா திரும்பினர்’ என்று எழுதியிருந்தார். ஏழாம் பக்கத்தில் ‘சுமார் 6 லட்சம் பேர் திரும்பினர்’ என்று இருந்தது. எது சரி என்று கேட்டேன். “ரெண்டுமே நெட்ல இருக்கு சார்” என்றார்.

உண்மைதான், இரண்டும் இருக்கின்றன. இரண்டுக்கும் அசல் ஆவணமும் உண்டு. ஆனால் இரண்டுமே திரும்பி வந்தவர்களின் எண்ணிக்கை கிடையாது. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரிக்கும் சிறிமாவோ பண்டாரநாயக்காவுக்கும் இடையே ஒப்பந்தமானது. நாடற்றவர்களாக நின்ற சுமார் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்பது அதன் சாரம். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல், இந்திரா காந்தி காலத்தில், இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. 5,25,000-உடன் 75,000-ஐக் கூட்டினால் 6,00,000 வந்துவிடும். ஆக, இவை இரண்டு அரசுகள் பேசி முடித்த எண்கள். கப்பலேறி வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி. அதற்கு வேறு ஆவணம் வேண்டும்.

இதை அவிழ்த்துப் பார்க்க எங்கள் இருவருக்கும் அன்று மதியம் முழுவதும் ஆனது. அந்த மதியத்தில் நாங்கள் செய்த வேலையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அந்தத் தலைப்பிலிருந்தே வரும். உங்கள் தலைப்பு தேயிலை விலையாக இருக்கலாம், நிலச்சரிவாக இருக்கலாம், படகர் திருமணச் சடங்காக இருக்கலாம். வழி ஒன்றுதான்.

முதல் படி: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

‘நீலகிரியின் வரலாறு’ என்று தலைப்பு வைத்தால் எந்தச் சான்று வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லவே முடியாது. ‘1968 முதல் 1984 வரை கோத்தகிரி வட்டாரத்தில் குடியேறிய குடும்பங்கள் முதல் வேலையை எப்படிப் பெற்றன’ என்று வைத்தால், உடனே நான்கு வகைச் சான்று கண்ணுக்குத் தெரியும்: ஒப்பந்த வாசகம், அரசாணைகள், டான்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டங்களின் பதிவுகள், வந்தவர்களின் வாய்மொழி. கேள்வியை ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். அதற்குப் பதில் சொல்லாத எதையும், எவ்வளவு சுவையாக இருந்தாலும், கட்டுரைக்குள் விடாதீர்கள்.

இரண்டாம் படி: எங்கெங்கே தேடுவது

மலையில் இருப்பதால் நமக்கு எதுவும் கிடைக்காது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது சரியில்லை. ஊட்டியில் நீலகிரி லைப்ரரி 1859-லிருந்து இருக்கிறது. அது உறுப்பினர்களுக்கான நூலகம். ஆகவே துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கி, முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். பழங்குடிகள் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஊட்டிக்கு அருகே முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. தேயிலை என்றால் குன்னூரில் தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியும் டான்டீ தலைமை அலுவலகமும் இருக்கின்றன. மண் அரிப்பு, மழை என்றால் ஊட்டியில் மண்-நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம்.

சென்னைக்குப் போக முடிந்தால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். போக முடியாவிட்டாலும் பரவாயில்லை. நீலகிரிக்கு 1880-ல் கிரிக் எழுதிய மாவட்டக் கையேடும், 1908-ல் பிரான்சிஸ் எழுதிய கெசட்டியரும் (மாவட்ட விவரத் தொகுப்பு) இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. மலையகத் தமிழர் என்றால் இலங்கையின் ‘நூலகம்’ தளத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தோட்டத் தொழிற்சங்கத் துண்டறிக்கைகள் முதல் பழைய இதழ்கள் வரை அங்கே இருக்கின்றன. அந்த மாணவிக்கு அப்படி ஒரு தளம் இருப்பதே தெரியாது. அதைப் பார்த்த அன்று அவர் முகம் மலர்ந்தது.

அரசு அலுவலகத்தில் கேட்டும் தரவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 மாணவர்களுக்கும் உண்டு. கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ‘டான்டீ பற்றி எல்லாத் தகவலும் வேண்டும்’ என்று எழுதினால் ஒன்றும் வராது. எந்தக் கோட்டம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எத்தனை குடும்பங்கள் என்று குறிப்பாகக் கேளுங்கள். கட்டுரை கொடுக்க வேண்டிய தேதிக்கு மூன்று மாதம் முன்பே மனு போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. ஜூன், ஜூலைக் காற்றில் நம்மூரில் கரண்டும் நெட்டும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கண்ணில் பட்டதை அப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: எடை போடுவது

வேலையின் கனம் இங்கேதான். நிதானமாகப் போவோம்.

ஒரு தகவலைப் பார்த்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். இதைச் சொன்னவர் யார்? அவருக்கு எப்படித் தெரியும்? யாருக்காக, எதற்காகச் சொன்னார்? 5,25,000 என்ற எண்ணைச் சொன்னவை இரண்டு அரசுகள். பேச்சுவார்த்தை மேசையில் உருவான எண் என்பதால் அவர்களுக்குத் தெரியும். சொன்னது எதிர்காலத்தைப் பற்றி: 15 ஆண்டுகளில் இவ்வளவு பேரை ஏற்போம் என்று. அதை ‘திரும்பினர்’ என்று இறந்தகாலத்தில் எழுதிய முதல் ஆள் யாரோ, அவரைப் பார்த்து எழுதிய நூறு பேர் யாரோ. ஒரு வினைச்சொல்லின் காலம் மாறியதில் வாக்குறுதி ஒன்று நடந்து முடிந்த செய்தியாகிவிட்டது. எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், அதோடு ஒட்டிக்கொண்டு வரும் வினைச்சொல்லையும் பாருங்கள்.

அந்த எண்ணில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. 1948-ல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானவர்களைத்தான் 1964-ல் பங்கு பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்கள் அந்த மேசையில் உட்காரவில்லை. அரசு ஆவணம் நம்பத்தக்கது என்றால், ‘அரசு என்ன முடிவு செய்தது’ என்ற கேள்விக்கு நம்பத்தக்கது என்றுதான் பொருள். ‘அந்த மக்கள் என்ன விரும்பினார்கள்’ என்ற கேள்விக்கு அது சாட்சி ஆகாது. நல்ல சான்று, கெட்ட சான்று என்று பொதுவாக முத்திரை குத்த முடியாது. எந்தக் கேள்விக்கு நல்ல சான்று என்றுதான் பார்க்க வேண்டும்.

மலை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நீலகிரி மலை ரயில் எப்போது தொடங்கியது’ என்று தேடினால் 1854, 1891, 1899, 1908 என்று நான்கு ஆண்டுகள் வரும். நான்கும் சரி. 1854-ல் யோசனை எழுந்தது. 1891-ல் வேலை ஆரம்பித்தது. 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஓடியது. 1908-ல் ஊட்டிக்கு வந்தது. யுனெஸ்கோ 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது பாதையின் நீளத்தை 46 கிலோமீட்டர் என்று எழுதியது. ரயில் பற்றிய நூல்களில் 45.88 என்று பார்ப்பீர்கள். ஒன்று முழுமையாக்கிய எண், மற்றது துல்லியமான எண். முரண்பாடு தெரிந்தவுடன் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு எண்ணும் எந்தக் கேள்விக்குப் பதில் என்று கேட்டால் பாதி முரண்பாடுகள் தாமாகவே தீர்ந்துவிடும்.

அப்புறம், எத்தனை இடத்தில் இருக்கிறது என்பது கணக்கில்லை. எத்தனை பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொன்னார்கள் என்பதுதான் கணக்கு. பத்து இணையப் பக்கங்கள் ஒரே வரியைச் சொன்னால் அது ஒரு சாட்சியும் ஒன்பது நகலுமாக இருக்கலாம். அச்சு நூல்களிலும் இதே கதைதான். பின்னால் எழுதுகிறவர் முன்னால் எழுதியவரைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறார். படகர்கள் மைசூர்ப் பக்கத்திலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் மலையேறி வந்தவர்கள் என்ற கருத்தை ஆங்கிலேய அதிகாரிகளின் நூல்களில் வரிசையாகக் காணலாம். படகர்களிலேயே அதை மறுத்து, நாங்கள் இந்த மண்ணின் பழைய குடிகள் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘பல நூல்கள் கூறுகின்றன’ என்று ஒரே வரியில் முடித்தால் நேர்மையாகாது. முதலில் சொன்னவர் யார், எந்த ஆதாரத்தில் சொன்னார், மறுப்பவர்கள் எதைக் காட்டி மறுக்கிறார்கள் என்று மூன்றையும் எழுதுங்கள்.

ஆங்கிலேயர் காலத்துக் கையேடுகளையும் கெசட்டியர்களையும் நான் மதிக்கிறேன். மழையளவு, நிலவரி, சாலை போட்ட ஆண்டு போன்றவற்றில் அவை உறுதியாக நிற்கும். ஆனால் தோடரையோ குறும்பரையோ பற்றி எழுதும்போது, வரி வசூலிக்கும் அதிகாரியின் கண்ணில் பட்டதுதான் அங்கே இருக்கிறது. மனிதர்களின் குணத்தைப் பற்றிய அவர்களுடைய தீர்ப்புகளைத் தகவலாக எடுத்து எழுதாதீர்கள். ‘1908-ல் ஓர் அதிகாரி இப்படிக் கருதினார்’ என்று அந்தக் காலத்து மனநிலைக்குச் சான்றாக வேண்டுமானால் காட்டலாம்.

இணையப் பக்கத்தை எடை போட ஒரு நல்ல பழக்கம் உண்டு. 2017-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் வரலாற்றுப் பேராசிரியர்களையும் கல்லூரி மாணவர்களையும் செய்தி சரிபார்ப்பவர்களையும் உட்காரவைத்து, ஒரே மாதிரி இணையதளங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். பேராசிரியர்கள்கூடப் பக்கத்தின் அழகிலும் பெயரிலும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் மட்டும் சீக்கிரமே அந்தப் பக்கத்தை விட்டு வெளியே போய், இந்தத் தளம் யாருடையது, மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வேறு சன்னல்களைத் திறந்து தேடினார்கள். அதையே செய்யுங்கள். ‘எங்களைப் பற்றி’ என்ற பகுதியைப் படித்து நம்புவது, கடைக்காரரிடமே சரக்கு நல்லதா என்று கேட்பது போல.

ஊட்டியைப் பற்றிய சுற்றுலாத் தளங்களைத் தகவலுக்கு நம்ப வேண்டாம். அறை வாடகைக்கு விடுவதுதான் அவற்றின் வேலை. விக்கிப்பீடியாவை வாசல் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கீழே இருக்கும் மேற்கோள்களைத் திறந்து உள்ளே போங்கள். கட்டுரையில் விக்கிப்பீடியாவைச் சான்றாகக் காட்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

மக்கள்தொகை எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-ல் 7,62,141. 2011-ல் 7,35,394. குறைந்திருக்கிறது. இந்தியாவில் பெரும்பாலான மாவட்டங்கள் கூடிக்கொண்டிருந்த காலத்தில் நம் மாவட்டம் குறைந்தது என்பதே ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி. ஆனால் ‘2024-ல் நீலகிரி மக்கள்தொகை’ என்று கூட்டிக் காட்டும் பக்கங்கள் நிறைய. 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த ஆண்டு நடக்கவேயில்லை. ஆகவே அந்தப் பக்கங்கள் தருவது யாரோ போட்ட மதிப்பீடு. மதிப்பீடு என்று சொல்லி, யார் போட்டது என்றும் சொல்ல முடிந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் 2011-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மழையளவிலும் இதே கவனம் வேண்டும். வானிலைத் துறையின் ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. பத்திரிகையின் ‘நேற்று’ அதுவாக இருக்காது. எந்த மழைமானி, யார் வைத்தது, எந்த 24 மணி நேரம் என்று தெரியாமல் அவலாஞ்சி மழையையும் கேத்தி மழையையும் ஒப்பிட்டு ‘சாதனை’ என்று எழுதிவிடாதீர்கள்.

ஆய்விதழ்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘மூன்று நாளில் பிரசுரம், கட்டணம் ஜிபேயில் அனுப்பவும்’ என்று வாட்ஸப்பில் வரும் இதழ்களில் எந்த அறிஞரும் கட்டுரையைப் படித்துப் பார்ப்பதில்லை. அவற்றில் வந்ததைச் சான்றாக எடுக்காதீர்கள், அவற்றில் எழுதவும் செய்யாதீர்கள். முன்பு யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) வெளியிட்ட கேர் என்ற தரமான இதழ்களின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்று இருந்தோம். அந்தப் பட்டியலையும் 2025-ல் கைவிட்டுவிட்டார்கள். இப்போது நாமேதான் பார்க்க வேண்டும். ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையில் அந்தத் துறையினரா, பழைய இதழ்கள் முழுதாகக் கிடைக்கின்றனவா, ஒரே இதழில் பல் மருத்துவமும் சங்க இலக்கியமும் கலந்து வருகிறதா என்று பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டுச் சான்றுப் பட்டியல் வாங்குகிறவர்கள் இப்போது அதிகம். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை அப்படியே நீதிமன்றத்தில் காட்டினார்கள். அப்படி வழக்குகளே இல்லை. 5,000 டாலர் அபராதம் விழுந்தது. ஆசிரியர் பெயர், தலைப்பு, ஆண்டு, பக்கம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும், நூல் மட்டும் இருக்காது. செயலி ஒரு நூலைச் சொன்னால் நூலக அட்டவணையில் தேடுங்கள், கட்டுரை என்றால் அதற்கென்றே தரப்படும் டி.ஓ.ஐ. என்ற அடையாள எண்ணைத் திறந்து பாருங்கள். கையில் எடுத்துப் படிக்காத எதுவும் பட்டியலில் ஏறக்கூடாது.

நான்காம் படி: பாட்டியும் சான்றுதான்

அந்த மாணவியின் கட்டுரையில் ஒப்பந்தம், அரசாணை, பத்திரிகை எல்லாம் இருந்தன. பாட்டி இல்லை. ஏன் என்று கேட்டேன். “அது எங்க வீட்டு விஷயம் சார், ரெஃபரன்ஸ் ஆகாதே” என்றார். எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. தாயகம் திரும்பியவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் இறங்கி, குடும்ப அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த ஊர் என்றே தெரியாத மலைக்கு லாரியில் வந்தவர் உயிரோடு நம் அடுப்படியில் உட்கார்ந்திருக்கும்போது, அவரிடம் கேட்காமல் எழுதும் கட்டுரை அரைக் கட்டுரைதான்.

கேட்கும் முறை ஒன்று இருக்கிறது. முதலில் அனுமதி வாங்குங்கள். எதற்காகக் கேட்கிறோம், யார் படிப்பார்கள், பெயர் போடலாமா என்று அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள். சொந்தப் பாட்டியாக இருந்தாலும் கேட்டே ஆக வேண்டும். பெயர் வேண்டாம் என்றால் வேறு பெயர் வைத்து, அதைக் கட்டுரையிலும் சொல்லிவிடுங்கள். பேச்சைப் பதிவு செய்யுங்கள். தேதி, இடம், எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்கள் ஆண்டு சொல்ல மாட்டார்கள். ‘தனுஷ்கோடி புயலுக்கு அப்புறம்’, ‘இந்திரா காந்தி செத்த வருஷம்’ என்பார்கள். முதலாவது 1964 டிசம்பருக்குப் பின், இரண்டாவது 1984. இந்த ஆணிகளை வைத்துக் காலத்தைப் பொருத்தலாம். ‘எங்க லைன்ல எல்லாருமே மஸ்கெலியாக்காரங்க’ என்று இலங்கைத் தோட்டப் பகுதி ஒன்றின் பெயரை அவர் சொன்னால், அது அந்த லைனை, அதாவது தோட்டத்து வீட்டு வரிசையைப் பற்றிய சான்று. நீலகிரி முழுவதற்கும் அதை விரித்துவிடாதீர்கள். அரசு ஆவணத்திடம் கேட்ட அதே மூன்று கேள்விகளை இங்கேயும் கேளுங்கள்: யார், எப்படித் தெரியும், யாரிடம் சொல்கிறார். பேத்தியிடம் சொல்லும்போது சிலதை விட்டுவிடுவார். அந்த மௌனத்தைத் தோண்டாதீர்கள்.

வீட்டில் இருக்கும் குடும்ப அட்டை, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, பழைய போட்டோ எல்லாம் ஆவணங்கள். அனுமதியோடு படமெடுங்கள். கட்டுரையில் போடும்போது எண்களை மறைத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: குறிப்பெடுப்பது

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். எம்.பில். ஆய்வேட்டில் கிரிக்கின் 1880 கையேட்டிலிருந்து ஒரு செய்தியை மேற்கோள் காட்டி, பக்க எண்ணும் போட்டிருந்தேன். உண்மையில் நான் கிரிக்கைப் பார்த்ததே இல்லை. பிற்கால நூல் ஒன்றில் இருந்த அடிக்குறிப்பை அப்படியே எடுத்து எழுதியிருந்தேன். வைவாவில் தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன் வைத்தார். அங்கே வேறு ஏதோ இருந்தது. அந்தப் பிற்கால நூலாசிரியர் பக்க எண்ணைத் தவறாகப் போட்டிருந்தார், அவருடைய தவறு என் பெயரில் வந்து நின்றது. ஆய்வேட்டைத் திருத்திக் கொடுக்க நான்கு மாதம் ஆனது. அன்றிலிருந்து என் மாணவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: நீ பார்த்ததை மட்டும் பார்த்ததாக எழுது. அசலைப் பார்க்க முடியவில்லை என்றால் ‘கிரிக் 1880, மேற்கோள் காட்டியவர் இன்னார்’ என்று எழுது. அதில் எந்தக் குறைவும் இல்லை.

ஒவ்வொரு சான்றுக்கும் நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். மேலே ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பதிப்பகம், எங்கே பார்த்தோம். கீழே குறிப்பு. நூலின் வாசகத்தை அப்படியே எழுதினால் உடனே மேற்கோள் குறி போட்டுவிடுங்கள். நம் வார்த்தையில் எழுதியதையும் நூலின் வார்த்தையையும் இரண்டு நிற மையில் எழுதினால் இன்னும் நல்லது. மூன்று மாதம் கழித்துப் பார்க்கும்போது எது நம்முடையது என்று நமக்கே தெரியாது. பெரும்பாலான திருட்டுகள் கெட்ட எண்ணத்தால் நடப்பதில்லை, இப்படித்தான் நடக்கின்றன.

இன்டர்நெட் ஆர்க்கைவில் படிக்கும்போது திரையில் தெரியும் பக்க எண்ணும் நூலில் அச்சான பக்க எண்ணும் வேறாக இருக்கும். அச்சான எண்ணைத்தான் குறிக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் இருப்பவர்கள் ஸோட்டெரோ என்ற இலவச மென்பொருளைப் பழகிக்கொள்ளுங்கள். சான்றுகளைச் சேர்த்து வைத்து, கேட்ட பாணியில் பட்டியலும் போட்டுத் தரும்.

ஆறாம் படி: சான்று காட்டுவது

எதற்குச் சான்று காட்ட வேண்டும்? மற்றவரின் சொல், மற்றவரின் எண், மற்றவரின் கருத்து, மூன்றுக்கும். ஊட்டி நீலகிரியின் தலைநகரம் என்பதற்கு வேண்டாம்.

தமிழில் எழுதும் மாணவர்கள் ஒன்றில் தவறிவிடுகிறார்கள். ஆங்கிலப் பத்தியை மொழிபெயர்த்து எழுதினால் அது தன்னுடையதாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. மொழிபெயர்ப்பு உங்கள் உழைப்பு, கருத்து அவருடையது. மேற்கோள் குறிக்குள் போட்டு, ‘மொழிபெயர்ப்பு கட்டுரையாளருடையது’ என்று ஒரு குறிப்புக் கொடுங்கள்.

யூ.ஜி.சி. 2018-ல் கொண்டுவந்த விதிகளின்படி ஒத்த வாசகம் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை, 60 வரை, 60-க்கு மேல் என்று தண்டனை ஏறும். சரியாகச் சான்று காட்டிய மேற்கோள்கள் இந்தக் கணக்கில் வராது. ஆனால் 9 சதவீதம் திருடலாம் என்று இதற்குப் பொருளில்லை.

எந்தப் பாணியில் சான்று காட்டுவது என்பதை எழுதத் தொடங்கும் முன்பே கைடிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சமூக அறிவியலில் பெரும்பாலும் ஏ.பி.ஏ., இலக்கியத்தில் எம்.எல்.ஏ., வரலாற்றில் அடிக்குறிப்பு போடும் சிகாகோ முறை. ஏ.பி.ஏ. ஆண்டை முன்னிறுத்தும், எம்.எல்.ஏ. பக்கத்தை முன்னிறுத்தும். எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே பின்பற்ற வேண்டும்.

ஆண்டை முன்னிறுத்தும் முறையில் ஒரு நூலை இப்படி எழுதலாம்: பிரான்சிஸ், டபிள்யூ. 1908. த நீல்கிரிஸ். மெட்ராஸ் டிஸ்ட்ரிக்ட் கெசட்டியர்ஸ். மெட்ராஸ்: கவர்ன்மென்ட் பிரஸ். நீங்கள் பார்த்தது பிற்கால மறுபதிப்பு என்றால் அந்த ஆண்டையும் பதிப்பகத்தையும் சேர்த்து, முதல் பதிப்பு 1908 என்றும் குறியுங்கள். மறுபதிப்பின் ஆண்டை மட்டும் போட்டால், ஆங்கிலேய ஆட்சிக்கால அதிகாரி ஒருவர் நம் காலத்து ஆய்வாளர் போலத் தெரிவார். அவருடைய சாலையும் மக்கள்தொகையும் இன்றைய நிலவரமாகிவிடும்.

தமிழ்ப் பெயர்களில் கவனம் வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னெழுத்து ஊருடையது, அப்பாவுடையது. ‘கா. சிவத்தம்பி’ என்பதைப் பட்டியலில் ‘சிவத்தம்பி, கா.’ என்று எழுதுவோம். அப்பா பெயரை விரித்து எழுதும் இளைய எழுத்தாளர்களின் பெயரில் மென்பொருள் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அப்பாவை ஆசிரியராக்கிவிடும். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத் திருத்துங்கள்.

அகர வரிசையையும் மென்பொருளிடம் விட்டுவிடாதீர்கள். யூனிகோடு எண் வரிசையில் ழகரம் வகரத்துக்கு முன்னால் வரும், தமிழ் நெடுங்கணக்கில் வகரம்தான் முன்னால். ‘கவிதா’வுக்கு முன்னால் ‘கழனியப்பன்’ வந்து உட்கார்ந்தால் காரணம் இதுதான்.

செய்தித்தாளுக்குத் தேதி, பக்கத்தோடு பதிப்பையும் எழுதுங்கள். கோவைப் பதிப்பில் மூன்றாம் பக்கத்தில் வந்த நீலகிரிச் செய்தி சென்னைப் பதிப்பில் வந்தே இருக்காது. அரசாணை என்றால் எண், தேதி, துறை. தகவல் உரிமைப் பதில் என்றால் கடித எண், தேதி, பதில் தந்த அலுவலரின் பதவி. இணையப் பக்கம் என்றால் பார்த்த தேதி.

வாய்மொழிச் சான்றை ஏ.பி.ஏ. முறையில் கட்டுரைக்குள் மட்டும் காட்டுவார்கள், கடைசிப் பட்டியலில் சேர்ப்பதில்லை. நம் தமிழ்த் துறைகளிலும் நாட்டார் வழக்காற்றியலிலும் தகவலாளர் பட்டியல் என்று தனிப் பின்னிணைப்பு போடும் வழக்கம் உண்டு. பெயர் அல்லது மாற்றுப் பெயர், வயது, ஊர், தொழில், சந்தித்த தேதி. எனக்குப் பிடித்தது இதுதான். கொழுந்து பறித்த ஒரு பாட்டியின் பெயர் ஒரு பல்கலைக்கழக ஏட்டில் மரியாதையாக அச்சாகிறது. உங்கள் கைடு ஏ.பி.ஏ.தான் என்று சொன்னாலும், பின்னிணைப்பு சேர்க்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

ஏழாம் படி: கொடுப்பதற்கு முன்

கட்டுரைக்குள் இருக்கும் ஒவ்வொரு பெயரும் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றும் கட்டுரைக்குள் வந்திருக்கிறதா என்று பென்சிலால் டிக் போடுங்கள். பிறகு ஒரு நண்பரைக் கூப்பிட்டு, ஏதாவது ஐந்து அடிக்குறிப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு தொடச் சொல்லுங்கள். நீங்கள் உதவாமல் அவராகவே அந்த ஐந்தின் அசலையும் தேடிப் பிடித்து, அந்த வரியில் விரல் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். ஒன்று தவறினாலும் முழுப் பட்டியலையும் மறுபடி சரிபாருங்கள்.

அந்த மாணவி இரண்டாம் முறை கொண்டுவந்தபோது இரண்டாம் பக்கத்தில் ‘5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக 1964 ஒப்பந்தம் கூறியது’ என்று இருந்தது. ஏழாம் பக்கத்தில் 1974-ம் சேர்ந்திருந்தது. கடைசியில் பதினொரு தகவலாளர்கள். முதல் பெயர் அவருடைய பாட்டி. ஸ்பைரல் பைண்டிங்குக்குக் கொடுக்கும்போது ஒரு பிரதி கூடுதலாகப் போடச் சொன்னார், வீட்டுக்கு.